ஜீயஸுக்கு ஜுப்பிடர்னு பேர் மாத்திட்டா அது ரோமன் புராணம் ஆயிடுமா?

"ரோமன் மித்தாலஜின்னு தனியா ஒண்ணு உண்டா, இல்ல கிரேக்கக் கதைகளைச் சுட்டு ஜீயஸுக்கு ஜுப்பிடர்னும் அஃப்ரோடைட்டிக்கு வீனஸ்னும் பேர் வச்சதோட சரியா? காப்பி தான்னா கிரகத்துக்கெல்லாம் ஏன் ரோமன் பேரு?" இதான் கேட்டிருக்கீங்க. சுருக்கமா வேணும்னா, கதை பாதிக்கு மேல கிரேக்கம், சடங்கு ரோமோடது, அதுக்கும் மேல ரோமுக்குன்னு சொந்தமா ஒரு பெரிய புராணமே இருந்துச்சு, ஆனா அதை அவங்க புராணம்னு சொல்லல, எங்க ஊரு வரலாறுன்னு சொல்லிக்கிட்டாங்க. விரிவா வேணும்னா மேற்கொண்டு படிங்க, கொஞ்சம் நீளும்.

ஆரம்பகால ரோமன்களுக்கு சாமின்னா கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, பொண்டாட்டிக்குத் தெரியாம ஊர் மேயுற ஆளு கிடையாது. சாமின்னா ஒரு வேலை, ஒரு சக்தி, அவ்வளவுதான். வயல் வேலைய எடுத்துக்குங்க, முதல் உழவுக்கு ஒரு சாமி, மறு உழவுக்கு ஒண்ணு, சால் போடுறதுக்கு, விதைக்கிறதுக்கு, களை எடுக்க, அறுக்க, அறுத்ததை வண்டியில ஏத்திக் கொண்டு வர, குதிர்ல கொட்டி வைக்க, அப்புறம் அதை வெளிய எடுக்கன்னு மொத்தம் 12 பேரை பூசாரி வரிசையா கூப்பிடுவார்னு ஒரு பழைய பட்டியல் கிடைச்சிருக்கு. வீட்டுக் கதவுக்கு மட்டும் மூணு பேர்: பலகைக்கு ஃபோர்குலஸ், கீலுக்கு கார்டியா, நிலைப்படிக்கு லிமென்டினஸ். பின்னாடி 5ஆம் நூற்றாண்டுல கிறிஸ்தவ பிஷப் அகஸ்டின் இதை வச்சு செம நக்கல் அடிச்சிருக்கார், ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வாட்ச்மேன் போதும், அவன் வெறும் மனுஷன் தான், ஆனா இவங்களுக்கு மூணு தெய்வம் தேவைப்படுதுன்னு. இதுல வேடிக்கை என்னன்னா அகஸ்டின் கிண்டல் பண்றதுக்காக எழுதி வச்சதால தான் இந்தப் பேர்ல பாதி நமக்கு இன்னைக்குத் தெரியுது. அவரே வாரோங்கிற ரோமன் அறிஞர் சொன்னதா இன்னொண்ணும் எழுதியிருக்கார், ரோம் தோன்றி 170 வருஷத்துக்கு மேல சிலையே இல்லாமத்தான் கும்பிட்டாங்களாம்.

கோதுமைக்கு வர்ற துரு நோய்க்கும் ஒரு சாமி, ரோபிகஸ். ஏப்ரல் 25ஆம் தேதி ஒரு நாயைப் பலி கொடுத்து, பயிரைத் தொடாதப்பான்னு கேட்டுக்குவாங்க. ரோபிகஸுக்கு அப்பா அம்மா யாரு, காதலி யாரு, எந்த அரக்கனைக் கொன்னார்னு ஒரு வரி கதை கிடையாது. யாருக்கும் அது தேவையும் படல.

கதைக்குப் பதிலா அவங்ககிட்ட இருந்தது ஒப்பந்தம். நீ இதைச் செஞ்சா நான் அதைச் செய்றேன், அப்படியே நம்ம நேர்த்திக்கடன் தான். இத்தாலி முழுக்க கோயில் இடிபாடுகள்ல சுட்ட களிமண்ணுல கால், கை, கண்ணு, கருப்பைன்னு ஆயிரக்கணக்குல தோண்டி எடுத்திருக்காங்க, எல்லாம் நோய் சரியாகணும்னு வேண்டிக்கிட்டவங்க வச்சது. ஒப்பந்தம்னா வார்த்தை பிசகக்கூடாது இல்லையா, கி.மு. 176ல லத்தீன் திருவிழாவுல லானுவியம் ஊர் அதிகாரி வேண்டுதல்ல "ரோம் மக்களுக்காக"ங்கிற வார்த்தைய விட்டுட்டார், அந்த ஒரு வரிக்காக மொத்த விழாவையும் திரும்ப நடத்த வேண்டியதாச்சு. இன்னொரு பிரபலமான சம்பவம் கி.மு. 249ல வட ஆப்பிரிக்காவுல இருந்த எதிரி நகரம் கார்த்தேஜ் கூட நடந்த கடல்போர்ல நடந்தது, போருக்கு முன்னாடி புனிதக் கோழிகளுக்குத் தீனி போட்டுப் பாப்பாங்க, நல்லா கொத்தித் தின்னா சகுனம் நல்லது, அன்னைக்குன்னு பாத்து கோழி வாயே வைக்கல, தளபதி கிளாடியஸ் புல்கர் கடுப்பாகி "திங்கலன்னா குடிக்கட்டும்"னு சொல்லி கோழிகளைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சுட்டார், அன்னைக்கே கப்பற்படைல பெரும்பகுதிய எதிரிகிட்ட பறிகொடுத்தார். தோத்ததுக்கு காரணம் அவர் போட்ட கணக்கு தப்புன்னு இன்னைக்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லுவாங்க, ரோம் மக்கள் கோழின்னு தான் சொன்னாங்க.

இப்ப வெளியூர் சாமிகள் எப்படி வந்தாங்கன்னு பாக்கலாம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதான். முதல்ல வந்தது எட்ருஸ்கன் மக்கள்கிட்ட இருந்து, அவங்க ரோமுக்கு வடக்குல பக்கத்து வீட்டுக்காரங்க. ஜுப்பிடர், ஜூனோ, மினர்வான்னு மூணு பேரையும் ஒரே கோயில்ல கேபிடல் குன்று மேல வச்சதுல அவங்க கை இருக்கு. ஆட்டு ஈரலைப் பாத்துக் குறி சொல்றதும் அவங்க வித்தை, 1877ல பியாசென்சா பக்கம் வெண்கலத்துல செஞ்ச ஒரு ஈரல் மாடல் கிடைச்சுது, கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சாமி பேரு.

எதிரி ஊர் சாமியைக் கூப்பிட்டுக்கிறது ரோமன் ஸ்பெஷல். கி.மு. 396ல வேயி நகரத்தைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி தளபதி கமில்லஸ் அந்த ஊர் ஜூனோகிட்டயே "எங்க ஊருக்கு வந்துடும்மா, இதைவிடப் பெரிய கோயில் கட்டித் தர்றோம்"னு வேண்டிக்கிட்டார். ஊர் விழுந்துச்சு. அப்புறம் படையிலேர்ந்து சில பசங்களைத் தேர்ந்தெடுத்து, குளிச்சு வெள்ளை உடை உடுத்தி, கோயிலுக்குள்ள அனுப்புறாங்க, அந்தச் சிலையை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துப் பூசாரி தவிர யாரும் தொட்டதில்லைங்கிறதால பசங்களுக்கு உள்ள போய் கை நடுங்குது. ஒருத்தன் மட்டும், விளையாட்டுக்கா அருள் வந்தான்னு தெரியல, "ஜூனோ, ரோமுக்கு வர்றியா?"ன்னு கேட்டுட்டான். கூட இருந்தவங்க எல்லாம் "தலையாட்டிட்டா, தலையாட்டிட்டா"ன்னு கத்தினாங்களாம். வாயைத் திறந்தே பேசினான்னும் பின்னாடி சேத்துக்கிட்டாங்கன்னு ரோமன் வரலாற்றாசிரியர் லிவி எழுதுறார், அவருக்கே அதுல முழு நம்பிக்கை இல்லைங்கிறது படிச்சா தெரியும். அவென்டைன் குன்றுல சொன்ன மாதிரியே கோயில் கட்டிக் கொடுத்தாங்க.

கிரேக்க சாமிகளும் ஏதோ கடைசில மொத்தமா இறக்குமதி ஆனவங்க இல்ல. தென் இத்தாலி பூரா கிரேக்கக் குடியேற்றங்கள், வியாபாரம், போக்குவரத்து எல்லாம் இருந்துச்சு, ரோமுக்குப் பக்கத்துல லவினியத்துல காஸ்டர் - போலக்ஸ் இரட்டையருக்கு கி.மு. 6ஆம் நூற்றாண்டுலயே கல்வெட்டு... அதாவது வெண்கலத்துல பொறிச்சது, இருக்கு. அவங்க கோயிலோட மூணு தூண் இன்னும் ரோம் ஃபோரம்ல நிக்குது. ஆனா பொதுவா ஒரு பேட்டர்ன் உண்டு: ஊர்ல கொள்ளைநோயோ போர்த் தோல்வியோ வரும், செனட் சிபில்லா நூல்கள்ங்கிற பழைய குறி நூல்களைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லும், அதுல "இன்ன சாமியைக் கொண்டு வா"ன்னு இருக்கும். கி.மு. 431ல அப்போலோ கோயில் கொள்ளைநோயால வந்தது. 293ல மறுபடியும் நோய், இந்த தடவை கிரேக்கத்துல எபிடாரஸுக்கே ஆள் அனுப்பி வைத்தியக் கடவுள் எஸ்குலேபியஸைப் பாம்பு ரூபத்துல கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க, டைபர் ஆத்துல வந்தப்போ பாம்பு இறங்கி நீந்தி நடுத்தீவுல போய்ப் படுத்துக்கிச்சாம், அங்கயே கோயில். பிறகு அந்தத் தீவையே கல் வச்சு கப்பல் மாதிரி செதுக்கினாங்க, பாம்பு சுத்தின கோலோட அதுல ஒரு துண்டு இன்னும் இருக்கு, தீவுல இப்பவும் ஆஸ்பத்திரி ஓடுது.

கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள்ள புகுந்து துவம்சம் பண்ணப்போ தான் கதை வேகமெடுத்துச்சு. கி.மு. 217ல 12 சாமிகளை ஜோடி ஜோடியா மெத்தைல உக்கார வச்சு விருந்து படைச்சாங்க, மார்ஸ் - வீனஸ், நெப்டியூன் - மினர்வான்னு அந்த ஜோடி சேத்ததே கிரேக்க முறை, கிரேக்க சாமிக்கு ரோமன் ஜோடி போட்டு நீங்க பள்ளிக்கூடப் புத்தகத்துல பாக்குற டேபிள் கிட்டத்தட்ட அங்க தான் உறுதியாகுது. 204ல ஆசியா மைனர்லேர்ந்து மகா அன்னை சிபெலியை ஒரு கறுப்புக் கல்லா கொண்டு வந்தாங்க. ரெண்டே வருஷத்துல ஹன்னிபால் தோத்துட்டார், ஆனா வந்த அம்மாவோட பூசாரிகள் ஆண்மையை அறுத்துக்கிட்டு, கொட்டு அடிச்சு ஆடுறவங்கன்னு பாத்ததும் செனட்டுக்கு அல்லு விட்டுப் போச்சு, கோயிலுக்கு ஓகே, ரோமன் குடிமகன் எவனும் அந்தப் பூசாரி ஆகக்கூடாதுன்னு தடை போட்டாங்க. மது சாமி பாக்கஸ் வழிபாடு இன்னும் மோசம், கி.மு. 186ல செனட் ஒடுக்கிடுச்சு, அனுமதி இல்லாம சடங்குக்கு ரெண்டு ஆம்பளை மூணு பொம்பளைக்கு மேல கூடக்கூடாதுன்னு போட்ட உத்தரவோட வெண்கலத் தகடு தென் இத்தாலில கிடைச்சு இப்ப வியன்னா மியூசியத்துல இருக்கு. சாமியை வரவேற்பாங்க, ஆனா யார் எங்க எப்படி கும்பிடணும்ங்கிறதை கவர்மென்ட் தான் சொல்லும்.

காப்பி தானான்னு கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் மார்ஸைத் தான் காட்டுவேன். கிரேக்க ஏரிஸை அவன் அப்பன் ஜீயஸே "ஒலிம்பஸ்ல இருக்கிறவங்கள்ல எனக்கு உன்னைத் தான் அறவே பிடிக்கல"ன்னு திட்டுறான், ரத்தவெறி பிடிச்ச ரவுடி, ஏதென்ஸ்ல அவனுக்குப் பெரிய மரியாதை ஒண்ணும் இல்ல. ரோம்ல மார்ஸ் ஊரைக் கட்டின ரோமுலஸோட தகப்பன், ஜுப்பிடருக்கு அடுத்த இடம், வருஷமே முதல்ல அவன் மாசமான மார்ச்ல தான் தொடங்குச்சு. அதுக்கும் மேல அவன் பயிர்க்காவல் சாமி! கேட்டோங்கிற செனட்டர் கி.மு. 2ஆம் நூற்றாண்டுல எழுதின விவசாயக் கையேட்டுல ஒரு வேண்டுதல் வார்த்தைக்கு வார்த்தை இருக்கு, பன்னி, ஆடு, காளை மூணையும் நிலத்தைச் சுத்தி ஓட்டிட்டு வந்து, "மார்ஸ் அப்பா, கண்ணுக்குத் தெரியிற நோய் தெரியாத நோய் ரெண்டையும் விரட்டு, பயிரும் திராட்சையும் தழைக்கட்டும், மேய்ப்பனும் மந்தையும் நல்லா இருக்கட்டும்"னு. இந்த மார்ஸுக்கும் அந்த ஏரிஸுக்கும் டேபிள்ல ஒரே வரி, வேற என்ன சொந்தம்? ரெண்டு முகம் வச்ச வாசல் சாமி ஜேனஸை எடுத்தா கிரேக்கத்துல ஜோடியே கிடையாது, ரோமன் கவிஞர் ஓவிட்டே அதைச் சொல்றார். அடுப்பு நெருப்பு தேவி வெஸ்டாவுக்கு ஹெஸ்டியான்னு ஜோடி இருக்கு, ஆனா 6லேர்ந்து 10 வயசுக்குள்ள சிறுமிகளை எடுத்து 30 வருஷம் நெருப்பு அணையாம பாத்துக்க விட்டு, கற்பு தவறினதா தீர்ப்பானா உயிரோட புதைக்கிற அமைப்பு கிரேக்கத்துல எங்கயும் கிடையாது.

அப்ப அவங்க சொந்தப் புராணம் எது? இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ், அவங்களுக்குப் பால் கொடுத்த ஓநாய், ரோமன்கள் தூக்கிட்டு வந்த சபைன் பெண்கள், ஹொரேஷியஸ் தனியா பாலத்தைக் காத்தது, ஸ்கேவொலா எதிரி ராஜா முன்னாடி வலது கையை நெருப்புல வச்சுக் கருக்கிக்கிட்டது. கிரேக்கர்களோட கதைகள் காலம் தெரியாத ஏதோ ஒரு யுகத்துல தேவர்களுக்குள்ள நடக்கும், இவங்க கதைகள் தேதியோட, ரோம் தெருவுல, மனுஷங்களுக்கு நடக்கும். ஃபிரெஞ்சு அறிஞர் டூமெசில் ஒரு வாதம் வச்சார், ஒத்தைக்கண் ஹொரேஷியஸும் ஒத்தைக்கை ஸ்கேவொலாவும் வட ஐரோப்பியக் கடவுள்களான ஒத்தைக்கண் ஓடினுக்கும் ஒத்தைக்கை டைருக்கும் சொந்தக்காரங்க, பழைய இந்தோ-ஐரோப்பிய புராணத்தைத் தான் ரோமன்கள் வரலாறா மாத்தி எழுதிட்டாங்கன்னு. எல்லாரும் ஒத்துக்கல, எனக்கு முக்கால்வாசி சரின்னு படுது.

கிரேக்கர்கள் அழிச்ச ட்ராய் நகரத்துலேர்ந்து தப்பி வந்த ஈனியஸ் கதை தனியா ஓடிட்டு இருந்துச்சு, ரோமுலஸ் கதை தனியா. ரெண்டையும் சேக்கும்போது தான் சிக்கல், பழங்கால கணக்குப்படி ட்ராய் விழுந்தது கி.மு. 1184, ரோம் தோன்றினது 753, நடுவுல 430 வருஷம் காலியா இருக்கு. உடனே ஆல்பா லாங்கான்னு ஒரு ஊர்ல வரிசையா ராஜாக்களைப் பேர் போட்டு உக்கார வச்சு அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க. லிவி முன்னுரையிலயே, ஊர் தோன்றதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் கவிஞர் கதை, நான் ஆமாம்னும் சொல்லல இல்லன்னும் சொல்லலன்னு ஒதுங்கிடுறார், ஆனா அதே மூச்சுல, எங்க அப்பன் மார்ஸ்னு நாங்க சொன்னா எங்க ஆட்சியைப் பொறுத்துக்கிற மத்த நாட்டுக்காரங்க இதையும் பொறுத்துக்கலாம்ங்கிறார். என்ன திமிர் பாருங்க. (அந்தப் புகழ்பெற்ற ஓநாய்ச் சிலை இருக்கே, கீழ பால் குடிக்கிற குழந்தைகள் ரெண்டும் 15ஆம் நூற்றாண்டுல சேத்தது, ஓநாயே இடைக்காலத்துல வார்த்ததா இருக்கலாம்னு கார்பன் டேட்டிங் பண்ணவங்க சொல்றாங்க.)

இந்தக் கதையை அரசியலுக்கு முழுசா பயன்படுத்தினது சீசர் குடும்பம். எங்க வம்சம் ஈனியஸோட மகன் யூலஸ் வழி, ஈனியஸ் வீனஸ் பெத்த பிள்ளை, ஆக நாங்க வீனஸ் பேரப்பிள்ளைங்கன்னு கி.மு. 46ல தாய் வீனஸுக்கு கோயிலே கட்டினார் ஜூலியஸ் சீசர். வளர்ப்பு மகன் அகஸ்டஸ் காலத்துல கவிஞர் வர்ஜில் அதைப் பெரிய காவியமா எழுதினார், முடிக்காமலே கி.மு. 19ல செத்துட்டார், எரிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போனதை அகஸ்டஸ் தடுத்துட்டார். சீசரை செத்த பிறகு கடவுளாக்கினாங்க, அப்புறம் பேரரசர்களை அப்படி ஆக்குறது ஒரு நடைமுறையாவே ஆயிடுச்சு. வெஸ்பேசியன் சாகக் கிடக்கும்போது "அய்யோ, நான் சாமியாகிட்டு வர்றேன் போலயே"ன்னு ஜோக் அடிச்சாராம்.

இது நம்ம பக்கம் வரைக்கும் வந்துச்சு. கோவை, கரூர் பக்கம் புதையல் புதையலா கிடைச்ச ரோமன் பேரரசர் டைபீரியஸ் வெள்ளிக்காசுல "தெய்வமான அகஸ்டஸின் மகன்"னு தான் பொறிச்சிருக்கும், ஒரு பழைய ரோமன் சாலை வரைபடத்தோட நகல்ல சேரநாட்டு முசிறி பக்கத்துலயே "அகஸ்டஸ் கோயில்"னு ஒரு கட்டடம் போட்டிருக்கு. மிளகு வாங்க வந்த வியாபாரிங்க கட்டியிருக்கலாம்.

மாகாணங்கள்ல நடந்தது வேற மாதிரி கலப்பு. இங்கிலாந்துல பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுல சூலிஸ்னு ஒரு உள்ளூர் அம்மன், ரோமன்கள் வந்து சூலிஸ் மினர்வாவா ஆக்கிட்டாங்க, ஊற்றுக்குள்ள சாபம் எழுதி சுருட்டிப் போட்ட ஈயத் தகடுகள் 130 கிட்ட கிடைச்சிருக்கு. பெரும்பாலும் திருட்டு கேஸ் தான். டோசிமெடிஸ்னு ஒருத்தர், ரெண்டு கையுறை காணாம போச்சு, எடுத்தவன் புத்தியும் கண்ணும் போகணும்னு எழுதியிருக்கார். கையுறைக்கு கண்ணு!

முடிவு கி.பி. 4ஆம் நூற்றாண்டுல, பேரரசர்கள் கிறிஸ்தவர்களா மாறின பிறகு. செனட் மண்டபத்துலேர்ந்து வெற்றி தேவதையோட பலிபீடத்தை எடுத்துட்டாங்க, 384ல அதைத் திரும்ப வைக்கச் சொல்லி சிமாகஸ்னு ஒரு செனட்டர் மனு போட்டார், இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒரே வழியில போய் அடைய முடியாதுன்னு அதுல ஒரு வரி வரும். பிஷப் அம்புரோஸ் எதிர்த்தார், மனு தள்ளுபடி. 391, 392ல பேரரசர் தியோடோசியஸ் சட்டம் போட்டு பலி, கோயில் வழிபாடு எல்லாத்தையும் நிறுத்தினார், வெஸ்டா நெருப்பும் அணைஞ்சுது. ரோம்ல இருக்கிற பாந்தியன் கோயில் 609ல சர்ச்சா மாறினதால இடிபடாம தப்பிச்சுது.

சரி, சாமி போயிட்டாங்க, பேர் ஏன் நிக்குது? காரணம் சிம்பிள், அடுத்த 1000 வருஷத்துக்கு மேற்கு ஐரோப்பாவுல படிச்சவன் மொழி லத்தீன், கிரேக்கம் தெரிஞ்சவன் ரொம்பக் கொஞ்சம். கிரேக்கக் கதையே அவங்களுக்கு ஓவிட் வழியாத்தான் போச்சு. நீங்க கிரேக்கப் புராணம்னு நினைக்கிறதுல நிறைய ஓவிட் கைவண்ணம், அழகான பொண்ணா இருந்த மெடூசாவோட கூந்தலை தேவி கோபத்துல பாம்பா மாத்தினாங்கிறது அவர் சொன்ன மாதிரி தான் இன்னைக்கு எல்லாரும் சொல்றாங்க, பழைய கிரேக்கக் கவி ஹெசியட்கிட்ட அவ பிறவியிலயே கோர்கன்ங்கிற அரக்கி. எதிரொலியா மாறின எக்கோவையும் தன் பிம்பத்தையே காதலிச்ச நார்சிசஸையும் ஒரே கதைல கட்டினதும் ஓவிட் தான். அவரையே அகஸ்டஸ் கி.பி. 8ல கருங்கடல் கரைக்கு நாடு கடத்திட்டார், அங்கயே செத்தார், அந்த ஊர் இப்ப ருமேனியாவுல இருக்கு. வானியல்காரங்க எழுதினதும் லத்தீன் தான், அந்தப் பழக்கத்துல 1846ல நெப்டியூன், 1930ல 11 வயசு சிறுமி சொன்ன புளூட்டோ. யுரேனஸ் மட்டும் கிரேக்கப் பேரு. ஆனா செவ்வாய், புதன், வியாழன், வெள்ளின்னு கிழமைக்கு கிரகம் வர்ற வரிசை இருக்கே, அது கிரேக்க-ரோமானிய உலகத்து ஜோசியத்துல உருவாகி இங்க வந்தது, ஃபிரெஞ்சுக்காரனுக்கும் நமக்கும் வாரம் ஒரே வரிசைல ஓடுறது அதனால தான்.

ரோமோட சொந்தக் கதைகள் ஆர்ட்டைவிட அரசியல்ல தான் அதிகமா வேலை செஞ்சுது. பதவியை விட்டுட்டு ஏர் உழப் போன பழைய ரோமன் தலைவர் சின்சினாட்டஸோட வாஷிங்டனை ஒப்பிட்டாங்க, அந்த வழியில வந்த பேரு தான் அமெரிக்காவோட சின்சினாட்டி நகரம். அதே நகரத்துக்கு 1931ல முசோலினி காலத்து ரோம்லேர்ந்து ஓநாய்ச் சிலை நகல் ஒண்ணு பரிசா போச்சு, பேரரசைத் திரும்பக் கொண்டு வர்றோம்னு அவர் ஆட்டம் போட்டதுல ஓநாயும் ஒரு சின்னம். 2022ல யாரோ அந்தச் சிலையை கணுக்காலோட அறுத்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

படிக்கணும்னா லிவியோட முதல் புத்தகத்துல ஆரம்பிங்க, கதை மாதிரியே ஓடும். அதுக்கப்புறம் ஓவிட்டோட "ஃபாஸ்டி", ரோமன் காலண்டரை நாள் நாளா எடுத்து எந்தத் திருவிழா ஏன் வந்துச்சுன்னு சொல்ற கவிதை, ரோபிகஸ் நாய் பலி ஊர்வலம் கூட அதுல இருக்கு. ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் ஆறு மாசம் தான் கிடைக்கும், ஜூலைக்கு மேல தேடாதீங்க, கிடையாது.